தூர்தர்ஷன் கண் சுழன்றது எப்படி?

படம் தொடங்கும் முன் திரையில் சில நொடிகள் ஒரு சின்னம் வந்து போகும். குதித்து வரும் மேஜை விளக்கு, கோட்டைக்கு மேல் வளைந்து செல்லும் ஒளிக்கோடு, கொம்பு ஊதும் இரட்டைக் குழந்தைகள் என்று ஒவ்வொரு ஸ்டூடியோவுக்கும் ஒன்று உண்டு. பெரும்பாலோர் அதைக் கவனிப்பதில்லை. படம்தான் இன்னும் ஆரம்பிக்கவில்லையே என்று பக்கத்தில் இருப்பவரிடம் பேசிக்கொண்டிருப்போம். ஆனால் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அவசியம் கவனிக்க வேண்டிய நொடிகள் அவை. பிரேம் என்றால் என்ன, பிக்ஸெல் என்றால் என்ன, அனிமேஷன் என்றால் என்ன என்ற மூன்று கேள்விகளுக்கும் அந்தச் சில நொடிகளிலேயே பதில் இருக்கிறது.

நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சின்னத்தை இந்தக் கட்டுரைக்கு எடுத்துக்கொள்வோம். அதுதான் தூர்தர்ஷனின் கண். கம்ப்யூட்டர் உதவி இல்லாத காலத்தில் அது எப்படிச் சுழன்றது என்று முதலில் பார்ப்போம். பிறகு அதே வேலையை நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் பைசா செலவில்லாமல் செய்து பார்ப்போம்.

முதலில் பிரேம்

சினிமாவில் எதுவும் அசைவதில்லை. அசையாத படங்களை வேகமாக ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுகிறார்கள். நம் கண்ணும் மூளையும் சேர்ந்து அதை அசைவு என்று எடுத்துக்கொள்கின்றன. அப்படிக் காட்டப்படும் ஒவ்வொரு படமும் ஒரு பிரேம். சினிமாவில் நொடிக்கு 24 பிரேம். நம் நாட்டு டி.வி.யில் பின்பற்றிய பால் முறையில் நொடிக்கு 25 பிரேம்.

ஒரு சின்னம் திரையில் 6 நொடி ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சினிமாக் கணக்கில் 144 பிரேம். கையால் வரையும் கலைஞர்கள் பல சமயம் ஒரே ஓவியத்தை இரண்டு பிரேமுக்குப் பயன்படுத்துவார்கள். அப்போதும் 72 ஓவியம் வேண்டும். கண் சிமிட்டும் நேரத்தில் போய்விடும் ஒரு சின்னத்துக்கு இத்தனை உழைப்பு.

கொம்பு ஊதிய இரட்டையர்

இத்தனை உழைப்பு எதற்கு என்று கேட்கலாம். 1940-ல் எஸ்.எஸ்.வாசன் சென்னையில் ஜெமினி ஸ்டூடியோவைத் தொடங்கினார். அதன் சின்னம் கொம்பு ஊதும் இரண்டு சிறுவர்கள். 1948-ல் வெளிவந்த 'சந்திரலேகா' இந்தியா முழுவதும் ஓடியபோது, தமிழ் தெரியாத ஊர்களிலும் அந்த இரட்டையரை அடையாளம் கண்டுகொண்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் "இது ஜெமினி படம்" என்று சொல்லிவிட முடிந்தது.

ஸ்டூடியோ இன்று இல்லை. 1973-ல் அதன் அருகில் கட்டிய பாலத்துக்கு அண்ணா மேம்பாலம் என்று பெயர் வைத்தார்கள். ஆனால் பஸ்ஸில் ஏறி "ஜெமினி ஒண்ணு" என்றால் கண்டக்டர் இன்றும் டிக்கெட் கொடுப்பார். சின்னத்தின் வேலை இதுதான். படம் போனாலும் பெயர் நிற்க வேண்டும்.

1976: கண் திறந்தது

இந்தியாவில் டி.வி. ஒளிபரப்பு டெல்லியில் 1959 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் வந்தது. அதுவரை டி.வி.யும் ஆல் இந்தியா ரேடியோவின் ஒரு பிரிவாகத்தான் இருந்தது. 1976 ஏப்ரல் 1 முதல் தூர்தர்ஷன் தனி அமைப்பானது. தனிக்குடித்தனம் வந்தால் வாசலில் தனிப் பெயர்ப் பலகை வேண்டுமே. அதற்கான சின்னம் ஆமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் உருவானது. 1961-ல் தொடங்கிய கல்வி நிறுவனம் அது.

அங்கே மாணவர்களும் ஆசிரியர்களுமாகப் பல வடிவங்களை வரைந்தார்கள். தேர்வானது தேவாஷிஷ் பட்டாச்சார்யா என்ற மாணவர் வரைந்தது. நடுவில் ஒரு வட்டம், அதைச் சுற்றி எதிரெதிராக இரண்டு வளைவுகள், அவ்வளவுதான். பார்த்தால் மனிதக் கண் போல இருக்கும்.

இதை அசைய வைத்தவர் அதே நிறுவனத்தைச் சேர்ந்த ஆர்.எல்.மிஸ்த்ரி. இசை பண்டிட் ரவிசங்கர், ஷெனாய் கலைஞர் உஸ்தாத் அலி அகமது உசேன் கான் இருவரும் சேர்ந்து அமைத்தது. 1970, 80-களில் டி.வி. பார்த்தவர்களிடம் அந்த இசையைச் சொன்னால் போதும், உடனே முணுமுணுப்பார்கள்.

பேப்பர், கேமரா, பொறுமை

இன்று சின்னத்தைச் சுழற்ற ஒரு கிளிக் போதும். அன்று மிஸ்த்ரி என்ன செய்தார்? சின்னத்தின் பிரதிகளை எடுத்துக்கொண்டார். மேலிருந்து கீழே பார்க்கும்படி பொருத்திய கேமராவின் அடியில் அவற்றை வைத்தார். ஒரு பிரேம் எடுப்பது, கொஞ்சம் திருப்புவது, அடுத்த பிரேம் எடுப்பது. இப்படியே கடைசியில் கண் முழுமையாகச் சேரும் வரை. இதை ஓட்டிப் பார்த்தால், எங்கிருந்தோ சுழன்று வந்த வளைவுகள் ஒன்றுகூடிக் கண்ணாகி நிற்கும்.

இந்த முறையில் அன்டூ கிடையாது. 40-வது பிரேமில் பேப்பர் நகர்ந்துவிட்டால் அது பிலிமில் அப்படியே பதிந்துவிடும். பிலிமைக் கழுவிப் பார்க்கும் வரை தெரியவும் தெரியாது. நாம் கண்ட்ரோல் இசட் தட்டும்போதெல்லாம் அந்தக் காலக் கலைஞர்களை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு விஷயம். 1976-ல் நம் நாட்டு டி.வி. கறுப்பு வெள்ளை. கலர் வந்தது 1982-ல், ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்த ஆண்டில்தான். அன்றைய சிறிய திரையில், ஆன்டெனா காற்றில் ஆடி படம் புள்ளி புள்ளியாகத் தெரியும்போதும் சின்னம் புரிய வேண்டும். நிறத்தை நம்ப முடியாது, நுணுக்கமான கோடுகளையும் நம்ப முடியாது. இரண்டு வளைவும் ஒரு வட்டமும் எந்தத் திரையிலும் பிழைத்துக்கொள்ளும்.

அதனால்தான் அது இன்றும் இருக்கிறது. சென்னை நிலையத்தின் 'பொதிகை' சேனல் 2024 ஜனவரியில் 'டிடி தமிழ்' ஆனது. அதே ஆண்டு டிடி நியூஸ் சேனலில் சின்னத்தின் நிறம் காவியாக மாறியபோது நாடு முழுவதும் விவாதம் நடந்தது. பெயரும் நிறமும் மாறின. கண் மட்டும் மாறவில்லை.

தறியில் இருக்கும் பிக்ஸெல்

என் சொந்த ஊர் ஆரணிக்கு அருகில் உள்ள தேவிகாபுரம். பெரியநாயகி அம்மன் கோவிலும் பட்டுத்தறியும்தான் ஊரின் அடையாளம். எங்கள் வீட்டிலும் தறி உண்டு. கல்லூரியில் பிக்ஸெல் பற்றிப் பாடம் நடத்தியபோது எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. அப்பாவின் கிராப் பேப்பரில் ஏற்கெனவே பார்த்திருந்தேன்.

பட்டுப் புடவையில் ஒரு மாங்காய் வர வேண்டும் என்றால், முதலில் கட்டம் போட்ட தாளில் வரைவார்கள். எந்தக் கட்டத்தில் ஜரிகை வர வேண்டுமோ அந்தக் கட்டத்துக்கு நிறம் அடிப்பார்கள். அதைப் பார்த்து அட்டைகளில் ஓட்டை போடுவார்கள். ஒவ்வொரு ஊடைக்கும் ஓர் அட்டை. அட்டைகளைக் கோர்த்துத் தறிக்கு மேலே உள்ள ஜக்கார்டு பெட்டியில் மாட்டினால், ஓட்டை உள்ள இடத்தில் பாவு இழை தூக்கும், இல்லாத இடத்தில் தூக்காது. ஓட்டை உண்டு என்றால் 1, இல்லை என்றால் 0. பிரான்ஸ் நாட்டின் ஜோசப் மேரி ஜக்கார்டு இந்தப் பெட்டியை 1804-ல் உருவாக்கினார். பிற்காலத்தில் கம்ப்யூட்டருக்கு புரோகிராம் கொடுக்கவும் ஓட்டை போட்ட அட்டைகளையே பல ஆண்டுகள் பயன்படுத்தினார்கள்.

உங்கள் மானிட்டரும் இப்படி ஒரு கிராப் பேப்பர்தான். 1920க்கு 1080 என்று அதன் அட்டையில் போட்டிருந்தால், குறுக்கே 1920 கட்டம், நெடுக்கே 1080 கட்டம். மொத்தம் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு பிக்ஸெல். தறியில் ஓர் ஊடை போட்டால் ஒரு வரி நிறையும். மானிட்டரில் எல்லா வரிகளும் பொதுவாக நொடிக்கு 60 முறை புதிதாக நிறைகின்றன.

புள்ளிகள் சேர்ந்து எழுத்தாவதைத் திரையிலேயே பார்த்த அனுபவம் தமிழர்களுக்கு உண்டு. 1992-ல் சுரேஷ் கிருஷ்ணா இயக்கிய 'அண்ணாமலை' படத்தில், ஒளிப்புள்ளிகள் கூடி 'சூப்பர் ஸ்டார்' என்று எழுத்து எழுத்தாக வந்தது நினைவிருக்கிறதா? தேவாவின் இசையோடு தியேட்டரே அதிர்ந்தது. ஸ்டூடியோவுக்குத்தான் சின்னம் இருக்கும் என்பது போய், நடிகருக்கும் ஒரு சின்னம் வந்தது அப்போதுதான்.

விளக்கு குதித்தது

கம்ப்யூட்டர் இந்த வேலைக்கு வந்ததும் என்ன மாறியது? இதற்குச் சரியான உதாரணம் அமெரிக்காவின் பிக்ஸார். 1986-ல் தனி நிறுவனமாகத் தொடங்கிய அதே ஆண்டில் 'லக்ஸோ ஜூனியர்' என்ற இரண்டு நிமிடப் படத்தை எடுத்தார்கள். இயக்கியவர் ஜான் லாஸெட்டர். ஒரு பெரிய மேஜை விளக்கு, ஒரு குட்டி விளக்கு, ஒரு பந்து. முகம் இல்லை, கை கால் இல்லை, பேச்சும் இல்லை. ஆனாலும் குட்டி விளக்கு குழந்தை என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஆஸ்கர் பரிந்துரை வரை போனது அந்தப் படம்.

1995-ல் முழுக்க முழுக்கக் கம்ப்யூட்டரில் உருவான முதல் முழுநீளப் படமான 'டாய் ஸ்டோரி' வந்தது. அந்தக் குட்டி விளக்கே நிறுவனத்தின் சின்னமாகத் திரைக்கு வந்தது. பிக்ஸார் என்ற ஆங்கிலப் பெயரின் இரண்டாவது எழுத்தான 'ஐ' மேல் ஏறிக் குதித்து, அதை நசுக்கிவிட்டு, தலையைத் திருப்பி நம்மைப் பார்க்கும்.

கையால் வரையும் ஸ்டூடியோக்களில் ஒரு முறை உண்டு. மூத்த கலைஞர் முக்கியமான நிலைகளை மட்டும் வரைவார். விளக்கு தரையில் இருப்பது ஒன்று, உச்சியில் இருப்பது ஒன்று, இறங்கியது ஒன்று. இவை கீ பிரேம். நடுவில் வரும் படங்களை உதவியாளர்கள் வரைவார்கள். கம்ப்யூட்டர் செய்வது இந்த உதவியாளரின் வேலையை. தொடக்கத்தையும் முடிவையும் கொடுத்தால் நடுவில் உள்ளதைக் கணக்குப் போட்டு நிரப்பிவிடும்.

ஆனால் சும்மா விட்டால் சம இடைவெளியில் நிரப்பும். அப்போது விளக்கு குதிக்காது, லிப்ட் போல ஏறி இறங்கும். உண்மையில் குதிக்கும் பொருள் உச்சியில் சற்றுத் தயங்கும், கீழே வர வர வேகம் பிடிக்கும். எங்கே தயங்க வேண்டும், எங்கே வேகம் வேண்டும் என்று சொல்ல ஆள் வேண்டும். குட்டி விளக்கு குழந்தையாகத் தெரிவது அந்த ஆள் எடுத்த முடிவுகளால்தான்.

"பேரை மட்டும் மாத்திக் குடு"

என் சித்தப்பா ஊரில் சிறிய பட்டுக்கடை வைத்திருக்கிறார். தீபாவளிக்கு முன் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினார். உலகப் புகழ் பெற்ற ஒரு ஸ்டூடியோவின் சின்னம். "டேய், இதுல இருக்கற பேரை மட்டும் எடுத்துட்டு நம்ம கடை பேரைப் போட்டுக் குடுடா. அஞ்சு நிமிஷ வேலைதானே?"

அஞ்சு நிமிஷ வேலைதான். அதுதான் ஆபத்து. கம்ப்யூட்டர் வந்த பிறகு வரைவது எளிதானதை விட, எடுப்பது எளிதாகிவிட்டது. நான் கேட்டேன், "சித்தப்பா, நம்ம பார்டரை வேற ஒருத்தர் அப்படியே எடுத்து அவங்க பேர்ல வித்தா சும்மா இருப்பீங்களா?"

"அது எப்படிடா? உங்க அப்பா ரெண்டு வாரம் உக்காந்து கிராப் போட்டது ஆச்சே" என்றார். சொல்லி முடித்ததும் அவரே சிரித்துவிட்டார்.

சட்டமும் ஏறக்குறைய அதையே சொல்கிறது. சின்னம் ஓர் ஓவியம் என்பதால் 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் அதைக் காக்கிறது. வியாபார அடையாளம் என்பதால் 1999-ம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டமும் காக்கிறது. இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. காப்புரிமை ஒரு நாள் முடியும். வணிகச் சின்னத்தை நம் நாட்டில் 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

டிஸ்னி இதற்கு நல்ல உதாரணம். மிக்கி மவுஸ் விசிலடித்துக்கொண்டு படகு ஓட்டும் 'ஸ்டீம்போட் வில்லி' 1928-ல் வந்தது. அமெரிக்காவில் அந்தப் படத்தின் காப்புரிமை 2024 ஜனவரி 1 அன்று முடிந்தது. ஆனால் டிஸ்னியின் அனிமேஷன் ஸ்டூடியோ 2007 முதலே அந்த விசிலடிக்கும் காட்சியைத் தன் படங்களின் முன்னால் சின்னமாகப் போட்டு வருகிறது. பழைய படத்தை இப்போது அங்கே யாரும் போட்டுக் காட்டலாம். தன் கடைக்குச் சின்னமாக வைத்துக்கொண்டால் வழக்கு வரலாம்.

அப்பா வரைந்த மாங்காயையே எடுத்துச் சுழலவிட்டுச் சித்தப்பாவுக்குக் கொடுத்தேன். எப்படி என்பதை அடுத்து பார்ப்போம்.

நீங்களே செய்யலாம்

இதற்கு ஜிம்ப் என்ற இலவச சாப்ட்வேர் போதும். அதன் சொந்த இணையதளத்தில் இருந்து மட்டும் டவுன்லோட் செய்யவும்.

1. பைல் மென்யூவில் நியூ கொடுக்கவும். அகலம் 400, உயரம் 400. கீழே உள்ள அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில், ஃபில் வித் என்ற இடத்தில் டிரான்ஸ்பரன்ஸி என்று தேர்ந்தெடுக்கவும்.

2. பிரஷ் கருவியால் நடுவில் ஒரு வடிவம் வரையவும். மாங்காய், இலை, உங்கள் பெயரின் முதல் எழுத்து, எதுவானாலும் சரி. மூன்று கோட்டுக்கு மேல் வேண்டாம். தூர்தர்ஷன் கண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

3. நீங்கள் வரைந்தது கடைசிப் பிரேம். சின்னத்தில் முடிவுதான் முதலில் தீர்மானமாகும். அங்கிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். லேயர் மென்யூவில் டூப்ளிகேட் லேயர் கொடுத்துப் பதினொரு பிரதி எடுக்கவும். மொத்தம் 12 லேயர்.

4. மேலே உள்ள லேயரைத் தொட வேண்டாம். அடுத்ததை ரொட்டேட் கருவியால் 1 டிகிரி திருப்பவும். அதற்கு அடுத்தது 4 டிகிரி, பிறகு 9, 16, 25, 36, 49, 64, 81, 100, கடைசியாக அடியில் உள்ளது 121. எல்லாவற்றையும் ஒரே பக்கமாகத் திருப்பவும். லேயர் பட்டியலில் அடியில் இருப்பதுதான் முதலில் ஓடும்.

5. பில்டர்ஸ் மென்யூவில் அனிமேஷன், அதில் பிளேபேக். ஒரு லேயருக்கு ஒரு பிரேம் என்ற ஆப்ஷனைத் தேர்ந்தெடுத்து ஓட்டிப் பாருங்கள்.

6. பைல் மென்யூவில் எக்ஸ்போர்ட் ஆஸ். பைல் பெயரின் முடிவில் புள்ளி ஜிஃப் என்று கொடுக்கவும். வரும் பெட்டியில் ஆஸ் அனிமேஷன் என்பதை டிக் செய்யவும். லூப் ஃபாரெவர் டிக்கை எடுத்துவிடவும். பிரேம் இடைவெளி 80 மில்லி செகண்ட். டிஸ்போஸல் என்ற இடத்திலும் ஒரு லேயருக்கு ஒரு பிரேம் என்பதையே வைக்கவும். 12 பிரேம், ஏறக்குறைய ஒரு நொடி.

சேமித்த பைலை பிரவுசருக்குள் இழுத்துப் போட்டால் ஓடும்.

ஏன் 1, 4, 9, 16? இவை 1, 2, 3, 4-ன் வர்க்கங்கள். ஓடும்போது முதல் அடி 21 டிகிரி, அடுத்தது 19, பிறகு 17 என்று குறைந்துகொண்டே வந்து கடைசி அடி 1 டிகிரி. வேகமாக வந்து மெதுவாக நிற்கும். இதையே சமமாக 11, 11 என்று திருப்பி இன்னொரு முறை செய்து பாருங்கள். அது மோதி நிற்பது போலத் தெரியும். படங்கள் அதேதான், இடைவெளி மட்டும்தான் வேறு.

இன்னொரு எச்சரிக்கை. திருப்பிய பிரதியையே பிரதி எடுத்து மறுபடி திருப்பாதீர்கள். ஒவ்வொரு முறை திருப்பும்போதும் பிக்ஸெல்களைப் புதிதாகக் கணக்கிட்டு நிரப்புவதால் ஓரங்கள் மங்கிக்கொண்டே போகும். எப்போதும் மூலப் படத்தின் பிரதியையே திருப்பவும்.

வரைந்தவர் பெயர்

ஸ்டூடியோவின் பெயரைச் சொல்லத்தான் சின்னம். ஆனால் அதை வரைந்தவர் பெயர் அதில் வருவதில்லை. கண் சுழன்றபோது தேவாஷிஷ் பட்டாச்சார்யா, மிஸ்த்ரி பெயர்கள் திரையில் வரவில்லை. புடவையில் கடையின் பெயர் நெய்திருக்கும், நெய்தவர் பெயர் இருக்காது.

நம் கம்ப்யூட்டரில் இதற்கு ஒரு சிறிய வழி இருக்கிறது. மேலே ஆறாவது படியில் வரும் பெட்டியில் காமென்ட் என்று ஓர் இடம் உண்டு. அதில் எழுதுவது திரையில் தெரியாது, ஆனால் பைலுக்குள் இருக்கும். எக்ஸ்போர்ட் பட்டனை அழுத்தும் முன் அதில் உங்கள் பெயரையும் ஆண்டையும் டைப் செய்யவும். சித்தப்பா கடையின் சின்னத்தில் அப்பா பெயர் அங்கேதான் இருக்கிறது.